நாணயச் சாலையில் ஒரு துப்பறிவாளர்: யார் இந்த ஜேம்ஸ் பிரின்செப்?

பென்கூலன் ஸ்திரீட்டுக்குப் பக்கத்தில் பிரின்செப் ஸ்திரீட் இருக்கிறது, தெரியும்தானே? சிங்கப்பூரில் பெரிய ஜாதிக்காய்த் தோட்டம் வைத்திருந்த சார்ல்ஸ் பிரின்செப்பின் பெயர் அது. கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்தவர்.

நாம் பார்க்கப்போவது அவரை அல்ல, அவருடைய தம்பி ஜேம்ஸை.

ஜேம்ஸ் 1799இல் இங்கிலாந்தில் பிறந்தார். கட்டடக்கலை படிக்கத்தான் ஆசைப்பட்டார், ஆனால் கண்பார்வை ஒத்துழைக்கவில்லை. பிறகு வேதியியல் கற்று, லண்டன் நாணயச் சாலையில் பயிற்சி எடுத்து, 1819இல் கல்கத்தா வந்து இறங்கினார். அப்போது அவருக்கு 20 வயது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச் சாலையில் வெள்ளியின் மாற்றுப் பார்ப்பதுதான் அவருடைய வேலை. பழந்தமிழில் நாணயம் சோதிப்பவருக்கு வண்ணக்கன் என்றே ஒரு பெயர் உண்டு. சங்கப் புலவர்கள் சிலரின் பெயரிலும் அதைப் பார்க்கலாம். கிட்டத்தட்ட அதே வேலை, கருவிகள்தான் வேறு.

மாற்றுப் பார்ப்பது எப்படி?

வணிகர் வெள்ளிக் கட்டி கொண்டுவருவார். அதிலிருந்து சின்னத் துண்டு வெட்டி எடை போடுவார்கள். அதை ஈயத்தோடு சேர்த்து, எலும்புச் சாம்பலில் செய்த குட்டிக் கிண்ணத்தில் வைத்து உலையில் காய்ச்சுவார்கள். ஈயமும் செம்பும் கிண்ணத்துக்குள் ஊறிவிடும், சுத்த வெள்ளி மட்டும் ஒரு மணியாக மேலே நிற்கும். அதைத் திரும்ப எடை போட்டால் கட்டியில் எவ்வளவு கலப்படம் என்று தெரிந்துவிடும்.

கேட்க ஈசியாக இருக்கிறதா? உலை அதிகம் சூடானால் வெள்ளியும் கொஞ்சம் போய்விடும். சூடு குறைந்தால் ஈயம் முழுதாகப் பிரியாது. துண்டில் நடக்கும் சின்னத் தப்பு, முழுக் கட்டிக்கும் கணக்குப் போடும்போது பெரிதாகிவிடும். நஷ்டம் வணிகருக்கு, இல்லையென்றால் கம்பெனிக்கு.

அந்தக் காலத்தில் உலைக்குள் வைக்க வெப்பமானி ஏது? தங்கம், வெள்ளி, பிளாட்டினம் ஆகியவற்றை வெவ்வேறு அளவில் கலந்து சிறு துண்டுகள் செய்தார் ஜேம்ஸ். எந்தத் துண்டு உருகியது, எது உருகவில்லை என்று பார்த்தே வெப்பத்தைக் கணித்தார். அந்த ஆய்வு வெளிவந்த 1828இலேயே லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டும் தராசு ஒன்றையும் அவர் செய்தார்.

நடுவில் பத்து ஆண்டுகள் காசியில் வேலை. அங்கேயும் சும்மா இருக்கவில்லை. சாக்கடை நீர் வெளியேற நிலத்தடியில் கால்வாய், மக்கள்தொகைக் கணக்கு, நகரத்தின் ஓவியங்கள் என்று ஓடிக்கொண்டே இருந்தார். காசி நாணயச் சாலை 1830இல் மூடப்பட, கல்கத்தா திரும்பினார். இரண்டு ஆண்டில் அங்கே தலைமைச் சோதனையாளர் ஆனார்.

அப்போது பெரிய தலைவலி ரூபாய்தான். வங்காளம், சென்னை, சூரத் என்று இடத்துக்கு ஒரு ரூபாய், எடையும் வேறு. மாற்றிக் கொடுக்கும் சராப்புகள் ஒவ்வொரு முறையும் வட்டம் பிடித்துக்கொள்வார்கள். பழைய தேதி இருந்தால் இன்னும் அதிகம் பிடிப்பார்கள். அதைத் தடுக்கக் கம்பெனி ஒரு வேடிக்கை செய்தது. வங்காள ரூபாயில் முகலாய மன்னர் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டை மட்டுமே பல பத்தாண்டுகள் அச்சடித்தது. மன்னர் 1806இல் இறந்தும் அந்த ஆண்டு மாறவே இல்லை!

ஒரே எடை, ஒரே தரம் வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் ஜேம்ஸ் முக்கியமானவர். 1835இல் சட்டம் வந்தது. 180 கிரெயின், அதாவது ஏறக்குறைய 11.66 கிராம் எடை, 12இல் 11 பங்கு சுத்த வெள்ளி. கம்பெனி ஆண்ட பகுதிகளுக்கெல்லாம் ஒரே ரூபாய். (நம் வட்டாரத்துக்காக 1845 என்று ஆண்டு பொறித்து வந்த ஒரு காசு செப்பு நாணயமும் அதே கல்கத்தா சாலையில் அச்சானதுதான்.)

ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது வேறொன்றுக்காக. பழைய நாணயங்கள் அவர் கைக்கு வந்துகொண்டே இருந்தன. அவற்றில் சில இருமொழி நாணயங்கள், ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் யாருக்கும் புரியாத எழுத்து. இரண்டு பக்கமும் ஒரே அரசரின் பெயர் என்றால், தெரிந்த மொழியை வைத்துத் தெரியாததைப் பிடித்துவிடலாமே! கரோஷ்டி எழுத்துகள் சில அப்படித்தான் பிடிபட்டன.

பிராமி எழுத்துக்குச் சாஞ்சி ஸ்தூபம் கைகொடுத்தது. அங்கே சின்னச் சின்னக் கல்வெட்டுகள் பல ஒரே மாதிரி முடிந்தன. பக்தர்கள் கொடுத்த காணிக்கை என்றால், கடைசிச் சொல் தானமாகத்தான் இருக்கும் என்று ஊகித்தார். ஊகம் சரி. 1837இல் பிராமி முழுவதும் திறந்துகொண்டது. கல்வெட்டுகளில் பேசும் பியதசி அசோகர்தான் என்பதை இலங்கையின் பாலி நூல்களிலிருந்து காட்டியவர் அங்கிருந்த அதிகாரி ஜார்ஜ் டர்னர். அசோகரின் கல்வெட்டுகளில் சோழரும் பாண்டியரும் இருப்பது நமக்குத் தெரிவதும் அந்த எழுத்து பிடிபட்டதால்தான்.

இதெல்லாம் அலுவலக வேலைக்கு நடுவே. பகலில் உலையும் தராசும், மற்ற நேரத்தில் கல்வெட்டுப் பிரதிகள், போதாதென்று மாத இதழ் ஒன்றின் ஆசிரியர் வேலை. உடம்பு எத்தனை நாள் தாங்கும்? 1838இல் கடும் தலைவலியில் ஆரம்பித்தது. அக்டோபரில் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அதற்குள் மூளையும் பாதிக்கப்பட்டிருந்தது. அவர் குணமாகவே இல்லை. 1840 ஏப்ரல் 22ஆம் தேதி லண்டனில் இறந்தார். அவருக்கு வயது 40.

கல்கத்தா மக்கள் ஹூக்ளி நதிக்கரையில் அவர் பெயரில் ஒரு படித்துறை மண்டபம் கட்டினார்கள். பிரின்செப் காட் என்ற அந்த இடத்துக்கு இன்றும் மாலையில் கூட்டம் வருகிறது.