இராமானுஜனும் அவர் அன்னையும்



லஸ் கோயில் வீதியில் நம்மில் பலர் எத்தனையோ முறை நடந்திருக்கிறோம். 1919-ம் ஆண்டில், இங்கிலாந்திலிருந்து நோயாளியாய்த் திரும்பிய ஒருவர் அவ்வீதியிலுள்ள வீடொன்றில் சில காலம் தங்கியிருந்தார். அவரே கணித மேதை சீனிவாச இராமானுஜன். அவருடைய புகழை அறியாதார் இல்லை. அவரை வளர்க்க அன்னை கோமளத்தம்மாள் பட்ட பாட்டை அறிந்தவரோ சிலரே. பிள்ளையைப் பற்றிய கவலையை யாரிடமும் சொல்லாமல் பூசைக்கு வந்து போகும் தாய் தந்தையர் நம்மிடையேயும் உண்டு. ஆகையால் அவ்வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

இராமானுஜன் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ம் நாள் ஈரோட்டில் பிறந்தார். தகப்பனார் கும்பகோணத்தில் ஜவுளிக் கடைக் கணக்கர், சொற்பச் சம்பளம். அடுத்துப் பிறந்த மூன்று குழந்தைகள் சிசுப் பருவத்திலேயே இறந்தன. மூத்தவனோ பெரியம்மை கண்டு பிழைத்தவன். மூன்று வயதாகியும் சரியாகப் பேசவில்லை. ஊமையோ என்று வீட்டார் அஞ்சினர். காஞ்சிபுரத்தில் பாட்டனார் அவன் கையைப் பிடித்து, பரப்பிய அரிசியில் எழுத்துக்களை எழுதப் பழக்கினார். மெல்ல மெல்லப் பேச்சு வந்தது. பின்பு சென்னையில் பள்ளிக்கூடம் போக மறுத்தபோது, போலீஸ்காரர் ஒருவரைக் கொண்டு மிரட்டியும் பார்த்தார்கள்.

வாலிபப் பருவத்தில் கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தார். 1905-ல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. ஒரு தாய்க்கு இது எவ்வளவு பெரிய வேதனை! ஆயினும் மகன் கணக்கில் மூழ்கி உணவை மறந்திருக்கையில், அன்னை சோற்றைப் பிசைந்து அவர் கையில் வைப்பார். புகழ் வருமுன்னே வைத்த சோறு அது.

அன்னை மட்டும் அவரைத் தாங்கவில்லை. இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரி நாராயண ஐயர் அவருடன் அமர்ந்து கணக்கு ஆராய்ந்தார். 1913-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார், 1914-ல் கப்பலேறினார், 1918-ல் இராயல் சங்கத்தின் அங்கத்தினரானார். அன்னையிடமும் குறையுண்டு. மருமகள் ஜானகி மகனுக்கு எழுதிய கடிதங்களை அவர் தடுத்துவிட்டார். இருவருக்கும் அது துயரமாயிற்று. 1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ம் நாள் சேத்துப்பட்டில், 32-ம் வயதில் இராமானுஜன் காலமானார்.

அவருக்கு இன்றைய வைத்தியப் பெயர் எதையும் சூட்ட நமக்கு உரிமையில்லை. உங்கள் பிள்ளையும் மேதையாவான் என்று நான் வாக்களிக்கவுமில்லை. பரீட்சையில் தோற்ற பிள்ளைக்கும் பசிக்கும். பேசாத பிள்ளைக்கும் அன்பு வேண்டும். அவ்வளவே. ஆனால் அந்த அன்பைத் தரும் தாயும் களைத்துப் போவாள். களைப்பில் தவறும் செய்வாள். அது பாவமென்று எண்ணி மருகாதீர்கள், உதவி கேளுங்கள். கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் என்னும் நிறுவனம் 1985-ல் தொடங்கப்பட்டு இத்தகைய பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் துணை நிற்கிறது. மனம் தாங்காத வேளையில் 14416 என்னும் அரசின் இலவசத் தொலைபேசியில் தமிழிலேயே பேசலாம்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூசை வேளையில் ஒரு பிள்ளை கூச்சலிட்டால் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அடுத்த வீட்டுத் தாய் ஒரு மணி நேரம் கண்ணயர, அவள் பிள்ளையோடு நீங்கள் உட்கார்ந்திருங்கள். நாராயண ஐயர் செய்ததும் அதுவே: அருகில் உட்கார்ந்தார். அது நம்மாலும் ஆகும் காரியமல்லவா?