கிடைக்காத நோபல் பரிசை ஜீவனாம்சமாக எழுதி வாங்கிய மிலேவா!

விவாகரத்துன்னு வந்துட்டா என்னவெல்லாம் பிரிப்பாங்க? வீடு, நகை, பேங்க்ல இருக்கிற பணம், கார், கொஞ்சம் கடன். எல்லாமே கையில் இருப்பவை. ஆனால், கைக்கே வராத, எப்போ வரும்னும் தெரியாத ஒரு பரிசுப் பணத்தை விவாகரத்து ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பெண் ஒருவர் இருந்தார். பெயர் மிலேவா மாரிச். கணவர் பெயர் உங்களுக்கு நல்லாவே தெரியும். ஆல்பர்ட் ஐன்ஸ்டைன்.

ஐன்ஸ்டைனின் முதல் மனைவி என்ற ஒற்றை வரியோடு மிலேவாவை நீங்க கடந்துபோயிருக்கலாம். ஆனா, உறவு முறிஞ்சப்புறம் பணம் யார் பெயரில் இருக்கு, யார் கையில் இருக்குங்கிற கேள்விக்கு இவர் வாழ்க்கையைவிட நல்ல பாடம் கிடைக்கிறது கஷ்டம்.

ஒரே வகுப்பு, இரண்டு பாதை

மிலேவா பிறந்தது 1875-ல், இன்றைய செர்பியாவில் இருக்கும் டிட்டெல் என்ற ஊரில். அன்று அது ஆஸ்திரிய-ஹங்கேரி பேரரசின் பகுதி. சின்ன வயதிலிருந்தே இடுப்பில் பிரச்னை, நடக்கும்போது லேசாகச் சாய்வார். படிப்பில் படு சுட்டி. பெண்கள் பல்கலைக்கழகம் போவதே அபூர்வமான காலத்தில் சுவிட்சர்லாந்துக்குப் போய், 1896-ல் சூரிச் பாலிடெக்னிக்கில் கணிதமும் இயற்பியலும் படிக்கச் சேர்ந்தார். அந்த வருட வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். அதே வகுப்பில் 17 வயதுப் பையனாக ஐன்ஸ்டைன்.

புத்தகம், இசை, இயற்பியல் என்று ஆரம்பித்த நட்பு காதலாச்சு. 1900-ல் இறுதித் தேர்வு. ஐன்ஸ்டைன் தேறினார், மிலேவா தேறவில்லை. அடுத்த ஆண்டு மறுபடியும் எழுதினார். அப்போது அவர் கர்ப்பிணி. அந்த முறையும் தேர்ச்சி இல்லை. 1902 தொடக்கத்தில், கல்யாணத்துக்கு முன்பே ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையைப் பற்றிய விஷயமே 1980-களில் பழைய கடிதங்கள் வெளிவந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

1903 ஜனவரியில் பெர்ன் நகரில் திருமணம். 1904-ல் ஹான்ஸ் ஆல்பர்ட், 1910-ல் எடுவார்ட் என இரண்டு மகன்கள். காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே 1905-ல் ஐன்ஸ்டைன் இயற்பியலைப் புரட்டிப்போட்ட கட்டுரைகளை எழுதினார். அந்த ஆய்வில் மிலேவாவின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். வாதமே இல்லாத விஷயம் ஒன்று உண்டு. கணவர் பேராசிரியராக ஊர் ஊராக உயர்ந்துகொண்டே போனபோது, மனைவியிடம் பட்டம் இல்லை, வேலை இல்லை, சொந்த வருமானம் இல்லை. ஒருவேளை இந்தக் கல்யாணம் உடைந்தால், பேச்சுவார்த்தை மேசையில் அவர் எந்த பலத்தோடு உட்காருவார்? யோசிச்சுப் பாருங்க.

பெர்லினில் உடைந்தது

உடையவும் செய்தது. 1912-லேயே ஐன்ஸ்டைனுக்கும் அவருடைய உறவுக்காரப் பெண் எல்சாவுக்கும் நெருக்கம் தொடங்கியிருந்தது. எல்சா இருந்தது பெர்லினில். 1914-ல் ஐன்ஸ்டைன் குடும்பமும் பெர்லினுக்கே குடிபோனது. சில மாதங்களிலேயே மனைவிக்கு நிபந்தனைகளை எழுதியே கொடுத்துவிட்டார் அவர். துணி துவைத்து ஒழுங்காக இருக்கணும், மூன்று வேளைச் சாப்பாடு அறைக்கே வரணும், அன்பையும் துணையையும் எதிர்பார்க்கக் கூடாது, பேச்சை நிறுத்தச் சொன்னா உடனே நிறுத்தணும்... இப்படிப் போகிறது அந்தப் பட்டியல்.

மிலேவா முதலில் ஒப்புக்கொண்டார். ஆனால், அப்படி வாழ முடியவில்லை. ஜூலை மாதக் கடைசியில் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு சூரிச்சுக்கு ரயிலேறிவிட்டார். கிளம்புவதற்கு முன் நண்பர்களை வைத்துப் பேசி ஒரு தொகை முடிவானது. ஆண்டுக்கு 5,600 மார்க். ஐன்ஸ்டைனின் அன்றைய சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு.

கேட்க நல்ல தொகைதான். ஆனா ஒரு சிக்கல் இருக்கு, கவனிச்சீங்களா? பணம் வருவது ஜெர்மனியின் மார்க்கில். செலவு நடப்பதோ சுவிஸ் ஃபிராங்கில். அவர் சூரிச் போய்ச் சேர்ந்த சில நாள்களிலேயே முதல் உலகப் போர் வெடித்தது. போர் நீள நீள மார்க்கின் மதிப்பு இறங்கியது. தொகை அதே தொகைதான், அதை வைத்து வாங்கக்கூடியது மட்டும் குறைந்துகொண்டே போனது. பியானோ பாடமும் கணக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்து மிலேவா சமாளித்தார்.

வராத பணத்துக்கு ஒரு பத்திரம்

1916-ல் ஐன்ஸ்டைன் விவாகரத்து கேட்டார். மிலேவா இடிந்துபோனார். உடம்பு மோசமாகி, அடுத்த ஆண்டு மூத்த மகனை நண்பர் வீட்டில் தங்கவைக்கும் அளவுக்கு நிலைமை போனது. நண்பர்கள் எச்சரிக்க, ஐன்ஸ்டைன் கோரிக்கையைத் தள்ளிவைத்தார்.

1918 தொடக்கத்தில் மறுபடி வந்தார், இந்த முறை புதிய பேரத்தோடு. ஆண்டுத் தொகையைக் கூட்டித் தருகிறேன், கூடவே எனக்கு நோபல் பரிசு கிடைத்தால் அந்தப் பணம் முழுக்க உனக்கே என்றார். 1910 முதலே அவர் பெயர் நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டு வந்தது. ஆனால், பரிசு கிடைத்தபாடில்லை. வந்தால், மிலேவாவுக்கு வருடா வருடம் வரும் பணத்தைப்போல முப்பது மடங்குக்கும் மேலான தொகை. வராவிட்டால், வெறும் காகிதம்.

நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? மிலேவா கோபத்தில் தூக்கி எறியவில்லை. யோசித்தார், பேசினார், எழுத்தில் வாங்கினார். அவர் இயற்பியல் படித்தவர். கணவர் செய்த வேலையின் எடை என்னவென்று அவருக்குத் தெரியும்.

அந்த ஆண்டே ஒப்பந்தம் தயாரானது. 40,000 மார்க் மதிப்புள்ள பத்திரங்கள் ஒரு பக்கம், வரப்போகும் நோபல் பணம் இன்னொரு பக்கம். 1919 பிப்ரவரி 14-ல் சூரிச் நீதிமன்றம் விவாகரத்து கொடுத்தது. ஆம், காதலர் தினத்தில்! இரண்டு வருடத்துக்கு மறுமணம் கூடாது என்றும் ஐன்ஸ்டைனுக்குத் தடை போட்டது. அவரோ ஜூன் மாதமே பெர்லினில் எல்சாவைக் கல்யாணம் செய்துகொண்டார்.

1922 நவம்பரில் அறிவிப்பு வந்தது. 1921-ம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் ஐன்ஸ்டைனுக்கு. அவர் கொழும்பைத் தாண்டி ஜப்பானுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த நேரம் அது. பரிசுக்கு முக்கியக் காரணம் ஒளிமின் விளைவு பற்றிய ஆய்வு. 1905-ல், மிலேவாவோடு பெர்னில் குடும்பம் நடத்திய வருடத்தில் எழுதியது. பரிசுத் தொகை 1,21,572 ஸ்வீடன் குரோனர். மார்க் இல்லை, குரோனர். இது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் தெரியுமா? அடுத்த ஆண்டு ஜெர்மனியில் விலைவாசி வெடித்து, மார்க் நோட்டுக்குக் காகித விலைகூட இல்லாமல் போனது.

பெயர் அவருடையது, சாவி?

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஒப்பந்தத்தை இன்னொரு முறை கவனிக்கணும். பணம் மிலேவாவின் சொத்து. வட்டியை அவர் இஷ்டப்படி செலவழிக்கலாம். ஆனால், அசலைத் தொட வேண்டுமென்றால் ஐன்ஸ்டைன் சம்மதிக்க வேண்டும். அவர் மறுமணம் செய்தாலோ இறந்தாலோ பணம் மகன்களுக்குப் போகும். அதாவது பெயர் அவருடையது, சாவி பாதிதான்.

பணத்தின் ஒரு பகுதியில் சூரிச்சின் ஹுட்டன்ஸ்ட்ராஸே தெருவில் வீடு வாங்கினார்கள். இன்னொரு பகுதி அமெரிக்காவில் முதலீடானது. 1925 வாக்கில் ஐன்ஸ்டைனின் உயில் பற்றிய பேச்சு வந்தபோது, நோபல் பணம் மகன்களின் வாரிசுப் பங்கு என்பது அவர் வாதம், அது தன்னுடையது என்பது மிலேவாவின் வாதம். ஒரே தொகை, இருவருக்கும் இரண்டு அர்த்தம். 1929-க்குப் பிந்தைய பெருமந்தத்தில் அமெரிக்க முதலீட்டில் பெரும்பகுதி கரைந்தது.

அந்த நேரம் பார்த்து இன்னொரு இடி. மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இளைய மகன் எடுவார்டுக்கு 20 வயதை ஒட்டி ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய். சூரிச்சின் புர்க்ஹோல்ஸ்லி மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைச்சல். 1933-ல் ஐன்ஸ்டைன் அமெரிக்கா போய்விட்டார். பணம் அனுப்பினார்தான். ஆனால், மகன் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது அம்மா. விவாகரத்து ஒப்பந்தத்தில் வட்டிக்கு இடம் இருந்தது, அசலுக்கு இடம் இருந்தது. வாழ்நாள் முழுக்கத் தொடரும் ஒரு மகனின் பராமரிப்புக்கு அதில் கணக்கே இல்லை.

அதற்குள் மிலேவாவிடம் மூன்று வீடுகள் இருந்தன. கடன் அழுத்த, 1930-களின் முடிவில் இரண்டு கைவிட்டுப் போயின. மிச்சமிருந்த ஹுட்டன்ஸ்ட்ராஸே வீடாவது தப்பட்டும் என்று அதை ஐன்ஸ்டைன் பெயருக்கு மாற்றினார்கள். நோபல் பணத்தில் வாங்கிய வீடு, திரும்பவும் முன்னாள் கணவர் பெயரில்! கடைசியில் அதுவும் விற்கப்பட்டது. 1948 ஆகஸ்ட் 4-ல் சூரிச்சில் மிலேவா இறந்தார், வயது 72. எடுவார்ட் 1965-ல் அதே மருத்துவமனையில் இறந்தார்.

நமக்கு என்ன?

மிலேவா தோற்றார்னு சொல்லிடாதீங்க. சுவிஸ் பெண்களுக்குத் தேசியத் தேர்தலில் ஓட்டுரிமையே 1971-ல்தான் வந்தது. அந்த நாட்டில், 1918-ல், பட்டமோ வேலையோ இல்லாத ஒரு பெண் உலகின் மிகப் பெரிய அறிவாளியிடம் பேசி, வருங்காலச் சொத்தைப் பத்திரத்தில் ஏற்றினார். வாய்வார்த்தையாக விட்டிருந்தால் அந்த வீடுகளும் இல்லை, எடுவார்டுக்குச் சிகிச்சையும் சந்தேகம்தான்.

அவரை மடக்கியது அந்த ஒற்றை நிபந்தனை. சொத்தைப் பிரிக்கும்போது எவ்வளவு என்பதை எல்லாரும் பார்ப்பார்கள். எந்தப் பணத்தில், யார் கையெழுத்தில், பிள்ளைக்கு நாளைக்கு ஒன்று ஆனால் யார் செலவில் என்பதைப் பலர் பார்ப்பதில்லை. ஒருநாள் அப்படியொரு பத்திரம் உங்க முன்னாடியோ, உங்க அக்கா முன்னாடியோ வந்தா, தொகையை வாசிச்சுட்டு நிறுத்திடாதீங்க. அந்தப் பணத்தை எடுக்க யாருடைய சம்மதம் வேணும்னு கடைசி வரி வரைக்கும் தேடுங்க.