பொய் சொன்ன காம்பஸ்

கம்ப்யூட்டர் பிரிவில் படிக்கிறவன் மாலுமியைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று சிரிக்காதீர்கள். காரணம் இருக்கு.

கம்ப்யூட்டரில் செருகும் ஒவ்வொரு பிசிஐ கார்டும் தன் கம்பெனி, மாடல், வகை மூன்றையும் எண்களாகச் சொல்லும். அதைப் பார்த்துத்தான் லினக்ஸ் எந்த டிரைவரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்யும். சில கார்டுகளில் அந்த எண்ணே தப்பாகப் பதிந்திருக்கும். விற்றுப்போன கார்டை யார் திருத்துவது? அதனால் கெர்னலுக்குள் 'குவிர்க்ஸ்' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். இந்த மாடல் வந்தால் அது சொல்லும் வகையை நம்பாதே, இப்படி எடுத்துக்கொள் என்பதுதான் அதன் சாரம்.

இதே வேலையை 200 வருஷம் முன்னாடியே கப்பலில் செய்தவர் மாத்யூ ஃபிளிண்டர்ஸ். 1774-இல் இங்கிலாந்தின் டோனிங்டனில் பிறந்தார். 1801-இல் 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பலில் புறப்பட்டு ஆஸ்திரேலியாவைச் சுற்றி வந்து வரைபடம் வரைந்தார். அப்போதுதான் ஒரு வினோதம் கண்ணில் பட்டது. கப்பல் வடக்கு தெற்காக நின்றால் காம்பஸ் ஒழுங்காகக் காட்டுது. கிழக்கு மேற்காகத் திரும்பினால் தப்பாகக் காட்டுது. பூமியின் தென்பாதியில் அதே தப்பு எதிர்ப்பக்கம் விழுது! குற்றம் காம்பஸில் இல்லை, கப்பலிலுள்ள இரும்பில் என்று கண்டுகொண்டார். எந்தத் திசையில் போனால் எவ்வளவு கூட்டிக் கழிப்பது என்று கணக்கும் போட்டார்.

ஆனால் பாருங்கள், அவரையே ஓர் அடையாளக் குழப்பம் கவிழ்த்தது. இன்வெஸ்டிகேட்டர் உளுத்துப்போனதால் 'கம்பர்லேண்ட்' என்ற 29 டன் குட்டிக் கப்பலில் ஊர் திரும்பினார். 1803 டிசம்பரில் அது ஒழுகவே, பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த மொரீஷியஸில் ஒதுங்கினார். கையிலிருந்த பிரெஞ்சு அனுமதிச் சீட்டிலோ இன்வெஸ்டிகேட்டர் பெயர்! கவர்னர் டெக்கேன் ஒற்றன் என்று சந்தேகித்துப் பிடித்து வைத்தார். ஆறரை வருஷம்! அந்தக் காவலில் இருந்தபடியே எழுதிய காம்பஸ் கட்டுரை 1805-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது.

1810-இல் விடுதலை. 1812-இல் போர்க்கப்பல்களில் சோதனை செய்து காட்டினார். காம்பஸ் பெட்டி அருகே செங்குத்தாக நிற்கும் இரும்புத் தண்டுக்கு 'ஃபிளிண்டர்ஸ் பார்' என்றே பெயர்.

நம்ம வ.உ.சி. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களிலும் காம்பஸ் பிழை அட்டை மாட்டியிருப்பார்கள். இதில் நம் கடற்கரைக்கு ஒரு தனி விசேஷம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டியே போகிறது. திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வுக்கூடம் இருப்பதும் அதனால்தான். செங்குத்து இரும்பு இங்கே காம்பஸை ஏறக்குறைய தொந்தரவே செய்யாது. தூத்துக்குடியில் மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று கிளம்பினால், வடக்கே ஐரோப்பா பக்கம் போகப் போகக் காம்பஸ் பொய் சொல்லும். 'என் மெஷினில் ஓடுதே' என்று நாம் லேபில் சொல்கிறோமே, அதே கதைதான்.

ஃபிளிண்டர்ஸின் பயண நூல் 1814 ஜூலை 18-இல் வெளியானது. மறுநாள் 40 வயதில் இறந்துபோனார். புதைத்த இடம் பிறகு மறைந்தே போனது. 2019 ஜனவரியில், லண்டன் யூஸ்டன் ஸ்டேஷன் அருகே ரயில் பாதை வேலைக்காகத் தோண்டியபோது, சவப்பெட்டி மேலிருந்த ஈயத் தகட்டில் பெயரைப் படித்துத்தான் அவரை அடையாளம் கண்டார்கள்.