பட்டறை கண்ட மேதை ஜி.டி. நாயுடு

கோவை நகருக்குக் கிழக்கே கலங்கல் என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. அவ்வூரில் உழவர் குடும்பமொன்றில் 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் துரைசாமி பிறந்தார். பிற்காலத்தில் நாடறிந்த ஜி.டி. நாயுடு அவரே. தாயை மிக இளமையிலேயே இழந்தவர். ஏட்டுக் கல்வி அவருக்கு ஒட்டவில்லை. தொடக்க வகுப்புகள் சிலவற்றோடு நின்றுபோயிற்று.

அந்த இளைஞர் ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவதைக் கண்டார். மாடும் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி எப்படி ஓடுகிறது என்னும் வியப்பு அவரை உறங்கவிடவில்லை. அன்று கோவைச் சீமையில் மோட்டார் வண்டி என்பதே புதுமை. அதைக் கற்றுத்தரும் பள்ளி இல்லை. யாரிடமாவது கையாளாகச் சேர்ந்து பழகலாமென்றால் பழக்குவாரும் இல்லை. ஆகவே அவர் கோவைக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். ஏறத்தாழ மூன்றாண்டுகள் இலை போட்டும் எச்சில் எடுத்தும் காசு சேர்த்தார். சேர்ந்ததும் அந்த அதிகாரியிடமே போய் முந்நூறு ரூபாய்க்கு அவ்வண்டியை வாங்கிவிட்டார்.

வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. வண்டியைக் கழற்றி உறுப்பு உறுப்பாகப் பரப்பினார், மீண்டும் பூட்டினார், மீண்டும் கழற்றினார். அவருக்குக் கிடைத்த தொழிற்பயிற்சி இதுதான். ஆசிரியரும் அவரே, மாணவரும் அவரே, பயிற்சிக் கட்டணம் மூன்றாண்டு உழைப்பு. (ஆய்வுக்கூடத்தில் ஒரு கால்வனாமீட்டரைத் திறந்து பார்க்க நம்மில் எவருக்கேனும் துணிவு வந்ததுண்டா என எண்ணிப் பார்த்தேன். எனக்கு வந்ததில்லை.)

பின்னர்ப் பஞ்சு வாணிகத்தில் பொருள் ஈட்டினார். பம்பாய் சென்று அதை இழந்தார். தோல்வியோடு திரும்பியவருக்கு உதவியவர் கோவைத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் துரை. அவர் தந்த கடனுதவியால் ஒரு பேருந்து வாங்கி, 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். நம் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சி செல்வோர் இன்றும் கடக்கும் சாலை அது. அந்த ஒற்றை வண்டியே யு.எம்.எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

1937இல் பீளமேட்டில் தே. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்திய நாட்டின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். கிணற்றில் கமலை இறைத்த காலம் போய், நம் தோட்டங்களில் கோவை மோட்டார் ஓடும் காலம் வந்ததற்கு அது முன்னோடி. சவரக் கத்தி, மலிவு விலை வானொலி, பப்பாளி ஆராய்ச்சி என அவர் கை வைக்காத துறை குறைவு. அவற்றையெல்லாம் அடுக்கிச் சொல்ல இவ்விடம் போதாது.

நான் இவர் வரலாற்றைத் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் தம்பி பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு, மோட்டார் வேலை பழக வேண்டுமென்று தேனியில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினான். அவரவர்க்குச் சொந்தக்காரப் பையன் ஒருவன் ஏற்கெனவே இருந்தான். அப்ரண்டிஸ் எடுக்கும் பெரிய ஆலைகளோ நம் பக்கம் அரிது. வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே ஆகையால், அப்பா என்னிடம் யோசனை கேட்டார். திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர் குறுக்கிட்டு, ஜி.டி. நாயுடு எந்தப் பள்ளியில் படித்தார் என்று கேட்டு எங்கள் வாயை அடைத்துவிட்டார்.

வீட்டில் வாயடைத்து நின்றேனே ஒழிய, நூலகத்தில் எனக்கு விடை கிடைத்தது. பள்ளியில் படியாத அந்த நாயுடுவே 1945இல் கோவையில் தொழிற்பள்ளியும் பொறியியற் கல்லூரியும் தோன்ற முன்னின்றார்; ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரால் அமைந்த அக்கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார். தாம் மூன்றாண்டு இலை போட்டுக் கற்றதைப் பிறரும் அப்படியே கற்கட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை. வசதியற்ற பிள்ளைக்கு ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு எங்கே வரும்?

அவர் வெறுத்தது படிப்பை அன்று. கையில் கருவி ஏறாமல் கழியும் காலத்தை. பொறியியலுக்கு நான்காண்டு வீண், இரண்டாண்டு போதும் என்பது அவர் கொள்கை. அன்றைய அரசு அதற்கு இணங்கவில்லை. அவரும் பதவியை விட்டு விலகினார். இவ்விடத்தில் நான் அவரோடு முழுதும் உடன்படேன். கணக்கும் இயற்பியலும் ஊற நாள் பிடிக்கும் என்பது பி.எஸ்.ஸி. இரண்டாமாண்டில் நிற்கும் நமக்குத் தெரியாதா? ஆனால் பிட்டர், வயர்மேன் போன்ற கைத்தொழிலுக்கு அவர் கணக்கு பெரும்பாலும் சரி என்றே தோன்றுகிறது.

1950இல் அக்கல்லூரி தடாகம் சாலைக்கு மாறியது. இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்று அழைக்கப்படுகிறது. பொறியியல் படிப்பு அங்கே இன்னும் நான்காண்டுதான். நாயுடு 1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் மறைந்தார்.

திண்ணைப் பெரியவரிடம் இக்கதையைச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டார். மறுநாள் தம்பி அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் பிரிவுக்கு விண்ணப்பம் எழுதினான். எழுத்துப் பிழைகளை நான் திருத்திக் கொடுத்தேன்.