முத்துக்குளித்துறைக்கு வந்த நவார் நாட்டார்

எட்டயபுரத்திலிருந்து கிழக்கே போனால், கரிசல் மண் மறைந்து கடற்கரை மணல் தோன்றும் இடத்தில் வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி ஆகிய ஊர்கள் இருக்கின்றன. இந்தக் கரையிலும் சரி, நம் கரிசல் கிராமங்களிலும் சரி, சவேரியார், சவரிமுத்து, சவேரியம்மாள் என்ற பெயர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அது ஆதியில் ஓர் ஆளின் பெயரல்ல, ஓர் ஊரின் பெயர் என்பதை நம்மில் பலர் அறியார். ஸ்பெயின் தேசத்தின் வடபாகத்தில், பிரான்சு எல்லையை ஒட்டிய பிரனே மலைகளின் சாரலில், சவியேர் என்றொரு சிறு கோட்டை உண்டு. அவ்விடத்துப் பாஷையில் அதற்குப் புது வீடு என்று பொருள். அந்தக் கோட்டையிலே 1506-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி பிறந்த பிரான்சிஸ்கு என்னும் குழந்தையே நம் அர்ச்சியசிஷ்ட பிரான்சிஸ்கு சவேரியார்.

ஸ்பெயின் என்றதும் அங்கே எல்லாரும் ஒரே பாஷை பேசுவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அப்படியல்ல. நாம் ஸ்பானிய மொழி என்று சொல்வது கஸ்தீல் நாட்டாரின் மொழி. கிழக்கே கத்தலான், மேற்கே கலீசியன், வடக்கே பாஸ்க்கு என்று வேறு மொழிகளும் அத்தேசத்தில் உண்டு. இவற்றுள் பாஸ்க்கு மொழி லத்தீனிலிருந்து பிறந்ததன்று. உலகத்தில் வேறெந்த மொழியோடும் அதற்கு உறவு இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. நம் சவேரியாரின் தாய்மொழி இந்தப் பாஸ்க்கு மொழியே. அவரே தம் கடிதமொன்றில் இதைச் சொல்லியிருக்கிறார்.

அவர் பிறந்தபோது நவார் ஒரு தனி இராச்சியமாயிருந்தது. தகப்பனார் யுவான் தெ யாஸோ சட்டம் கற்ற பண்டிதர். அரசரின் ஆலோசனைச் சபைக்குத் தலைவர். பிரான்சிஸ்கு ஆறு வயதுப் பாலகனாயிருக்கையில், 1512-ல், கஸ்தீல் படைகள் நவாரைப் பிடித்துக்கொண்டன. 1515-ல் தகப்பனார் இறந்தார். மறு வருஷம், இழந்த அரசை மீட்க நவார் நாட்டார் செய்த முயற்சி தோல்வியடைந்தது. அதற்குத் தண்டனையாக சவியேர் கோட்டையின் கோபுரங்கள் இடிக்கப்பட்டன. வீட்டுச் சுவர்கள் விழுவதைக் கண்ணால் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர். 1521-ல் மீண்டும் போர் மூண்டது. அதில் அவருடைய அண்ணன்மார் இருவர் கஸ்தீலுக்கு எதிராகப் போரிட்டார்கள். அதே போரில் கஸ்தீல் தரப்பில் நின்று பம்பலூனா கோட்டையைக் காத்த வீரரொருவர் பீரங்கிக் குண்டினால் காலில் அடிபட்டு விழுந்தார். அவர்தான் பிற்காலத்தில் சேசு சபையை ஸ்தாபித்த அர்ச். இஞ்ஞாசியார்.

பகைத் தரப்பினரான இவ்விருவரையும் பாரிஸ் பட்டணத்துக் கல்விச்சாலை ஒரே அறையில் சேர்த்து வைத்தது. 1525-ல் படிக்கச் சென்ற சவேரியார் பட்டம் பெற்று, தத்துவம் கற்பிக்கும் ஆசிரியராகி, பேரும் புகழும் தேடிக்கொண்டிருந்தார். 1529-ல் வந்து சேர்ந்த இஞ்ஞாசியாரின் பேச்சு முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. உலகமெல்லாம் சம்பாதித்தும் ஆத்துமத்தை இழந்தால் பயன் யாது என்ற சேசுநாதரின் கேள்வியோ அவர் மனதை மெல்ல மெல்லக் குடைந்தது. 1534-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி, மாதாவின் திருநாளன்று, ஏழு தோழர்கள் மோன்மார்த்தர் குன்றின் கோவிலில் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். அவர்களில் சவேரியாரும் ஒருவர். 1537-ல் குருப்பட்டம் பெற்றார்.

இந்தியாவுக்குப் புறப்பட வேண்டியவர் வேறொரு குரு. அவர் நோயுற்றதால், அந்த இடத்துக்குச் சவேரியார் திடீரென்று நியமிக்கப்பட்டார். தம் முப்பத்தைந்தாவது பிறந்தநாளில், 1541 ஏப்ரல் 7-ந் தேதி, லிஸ்பனில் கப்பலேறினார். ஓராண்டுக்கு மேல் வழிப்பயணம். 1542 மே 6-ந் தேதி கோவா வந்து சேர்ந்தார். அவ்வருஷம் அக்டோபரில் முத்துக்குளித்துறையில் இருந்தார். அக்டோபர் 28-ந் தேதி தூத்துக்குடியிலிருந்து அவர் எழுதிய கடிதம் இன்றும் உள்ளது.

இக்கரையின் பரதவர்கள் அதற்கு ஐந்தாறு வருஷங்களுக்கு முன்னரே ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு உபதேசிக்க ஆளில்லை. வந்தவருக்கோ தமிழில் ஒரு வார்த்தையும் தெரியாது. தம் தாய்மொழி பாஸ்க்கு, அவர்கள் தாய்மொழி வேறு, ஆகவே ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளவில்லை என்று அவர் ஒளிக்காமல் எழுதினார். கோவாவில் படித்த இந்நாட்டு வாலிபர் மூவர் அவரோடு வந்திருந்தார்கள். இரு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து, பல நாள் பாடுபட்டு, சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், பரலோக மந்திரம், பத்துக் கற்பனைகள் முதலியவற்றைத் தமிழாக்கினார். அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் கற்றதை வீட்டிலே பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தைகளே அவருக்கு உபதேசிமார்.

அந்த மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்தன. விசுவாச மந்திரத்தில் விசுவசிக்கிறேன் என்று சொல்லவேண்டிய இடத்தில், வேணும் என்று பொருள்படும் சொல் புகுந்துவிட்டது. இதைச் சவேரியார் மூடி மறைக்கவில்லை. துறையில் தமக்குத் துணையாயிருந்த மன்சிலாஸ் என்பவருக்கு எழுதி, அச்சொல்லை மாற்றிச் சொல்லச் செய்தார். ஆயிரம் வாய்கள் ஓதிக்கொண்டிருந்த மந்திரத்தில் தம் தவறை ஒப்புக்கொண்டு திருத்துவது எளிதான காரியமா? அவருக்குப் பின் வந்த ஹென்றிக்கஸ் சுவாமியார் தமிழை முறையாகக் கற்றுத் தேர்ந்து, 1578-ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் புத்தகத்தைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். பின்னாளில் நம் காமநாயக்கன்பட்டியிலே பணிபுரிந்த வீரமாமுனிவர் தமிழில் காவியமே பாடினார். அந்த நீண்ட வழியில் முதலடி வைத்தவர் தட்டுத்தடுமாறிப் பேசிய இந்த நவார் நாட்டாரே.

1544-ம் ஆண்டு அவருக்குப் பெருஞ்சோதனை வந்தது. விஜயநகரப் பேரரசைச் சார்ந்தவர்களும் அன்று வடுகர் என அழைக்கப்பட்டவர்களுமான குதிரைப்படையினர், ஜூன் மாதத்தில் கன்னியாகுமரிப் பக்கத்து மீனவர் ஊர்களைச் சூறையாடினார்கள். இது ஒரு ஜாதியாரைப் பழிக்கும் கதையன்று. அரசர்களின் சண்டையிலே ஏழைகள் நசுங்கிய கதை. ஜனங்கள் கடலிலுள்ள பாறைகளுக்கு ஓடி, பசியாலும் தாகத்தாலும் மடிந்தார்கள். செய்தி கேட்ட சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிப் புறப்பட்டார். எட்டு நாள் போராடியும் எதிர்க்காற்று விடவில்லை. திரும்பி வந்து, கால்நடையாகவே குமரி சென்று அவர்களுக்கு உதவினார்.

அக்காலத்தில் துறைக்கு அதிகாரியாயிருந்த கப்பித்தான் கோஸ்மெ தெ பைவா என்பவர் போர்த்துக்கேயர். ஜனங்களைக் காப்பதைவிடக் குதிரை வியாபாரத்தில் அவருக்குக் கருத்து அதிகம். சவேரியார் அவரைக் கண்டித்தார்; அவரோ சவேரியார்மேல் பகைகொண்டார். செப்டம்பர் மாதம் அந்தப் படை தூத்துக்குடிக்கே வந்தது. கப்பித்தானின் கப்பலும் வீடும் எரிந்தன; அவர் உடைமை இழந்து தீவுகளுக்கு ஓடினார். அப்போது சவேரியார் என்ன செய்தார்? தம்மைக் கண்டால் அவர் மனம் கோணும் என்று தாம் போகாமல், உடனே தோணிகளில் தண்ணீரும் உணவும் கொண்டுபோய் உதவும்படி மன்சிலாஸுக்கு அவசரக் கடிதம் எழுதினார். ஏழைகளை வதைத்தவனைக் கண்டிக்கவும் அவருக்குத் தெரியும். அவனே தாகத்தால் வாடும்போது தண்ணீர் அனுப்பவும் தெரியும். வீடு இடிந்தவரின் துக்கம் இன்னதென்று சிறு வயதிலேயே கண்டவரல்லவா?

அவ்வாண்டு முடிவில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட முக்குவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1545-ல் மயிலாப்பூரில் அர்ச். தோமையாரின் கல்லறையருகே சில மாதம் தங்கி ஜெபித்தார். பின்பு மலாக்கா, மொலுக்கத் தீவுகள் என்று போய், 1549 ஆகஸ்டு 15-ந் தேதி ஜப்பானில் இறங்கினார். அங்கேயும் புதுப் பாஷை. மறுபடியும் குழந்தையைப்போல் முதலிலிருந்து கற்றார். சீன தேசத்துக்குள் நுழைய வழிபார்த்துக் காத்திருக்கையில், 1552 டிசம்பர் 3-ந் தேதி, சான்சியான் தீவிலே, நாற்பத்தாறு வயதில், அந்தோனி என்னும் சீனத் துணைவர் ஒருவர் அருகிருக்க உயிர் துறந்தார். அவருடைய திருச்சடலம் 1554-ல் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று அங்கே போம் ஜேசு தேவாலயத்தில் இருக்கிறது.

1622 மார்ச்சு 12-ந் தேதி உரோமையில் ஐவருக்கு ஒரே நாளில் அர்ச்சியசிஷ்டர் பட்டம் வழங்கப்பட்டது. அவர்களில் நால்வர் ஸ்பெயின் தேசத்தார்: சவேரியார், இஞ்ஞாசியார், அவிலா தெரேசம்மாள், மத்ரீத் நகரின் உழவர் இசிதோர். கோட்டையில் பிறந்தவரும், கன்னிமடத்தில் ஜெபித்தவரும், பிறர் நிலத்தில் கூலிக்கு ஏர் பிடித்தவரும் சர்வேசுரன் சந்நிதியில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். மானாவாரிக் காட்டில் மழையைப் பார்த்து உழுகிற நமக்கு இது ஆறுதலான சங்கதி.

டிசம்பர் 3-ந் தேதி அவர் திருநாளைக் கொண்டாடும்போது, அவர் செய்த புதுமைகளை மாத்திரம் பேசிக் கலைந்துவிட வேண்டாம். அயலாரிடம் போகுமுன் அவர் பாஷையைக் கற்க முயன்றாரே, தவறு கண்டபோது வெட்கப்படாமல் திருத்தினாரே, பகைத்தவருக்கும் தண்ணீர் அனுப்பினாரே, அவற்றையும் நினைப்போம். பழைய வீடு இடிந்துபோன ஒருவர், முன்பின் அறியாத ஜனங்களிடையே தமக்குப் புது வீடு கண்டார். நம் பிள்ளைகளுக்கு நாம் இடுகிற பெயரின் பொருளும் அதுவே.