ஐம்பது பவுணுக்கு விலைபோன நாவல்

மெல்பேர்ண் கொலின்ஸ் வீதியாலும் சென்ற் கில்டா வீதியாலும் நம்மவர் பலர் நாள்தோறும் போய்வருகின்றனர். அவ்வழியே ஓரிரவு சென்ற வாடகைக் குதிரைவண்டியினுள், குளோரபோம் கொடுத்துக் கொல்லப்பட்ட ஒருவனின் உடலை வண்டிக்காரன் கண்டான். இது நடந்த சம்பவமன்று. 1886ஆம் ஆண்டு இந்நகரிலேயே அச்சாகி வெளிவந்த மர்ம நாவலொன்றின் தொடக்கம். எழுதியவர் பேர்கஸ் ஹியூம்.

அவரும் வந்து குடியேறியவரே. 1859இல் இங்கிலாந்திற் பிறந்து, பெற்றோருடன் நியூசிலாந்தின் டனீடன் நகருக்குப் புலம்பெயர்ந்து, அங்கு சட்டம் பயின்றவர். 1885இல் வழக்கறிஞராக ஏற்கப்பட்டபின் விரைவிலேயே மெல்பேர்ண் வந்தார். கிடைத்ததோ வழக்கறிஞர் ஒருவரிடம் எழுதுவினைஞர் வேலை. உள்ளம் நாடியது நாடகமேடையை. ஆனால் அவர் எழுதிய நாடகங்களை வாசித்துப் பார்க்கவும் அரங்க நிருவாகிகள் மறுத்தனர். முதலிற் பெயரெடுத்தாற்றான் கதவு திறக்கும் என்றுணர்ந்து, எந்நூல் அதிகம் விலைபோகின்றதெனப் புத்தகக் கடைக்காரர் ஒருவரிடம் வினவினார். கபோரியோ என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் துப்பறியும் கதைகள் என அறிந்ததும் அவற்றை வாங்கிக் கற்றார். இரவுகளில் லிட்டில் பேர்க் வீதியின் வறிய சந்துகளிற் சுற்றித் திரிந்து செய்தி திரட்டினார்.

நாவல் முடிந்தது, பதிப்பிக்க எவருமில்லை. குடியேற்றநாட்டில் வாழ்பவன் எழுதுவதில் வாசிக்கத்தக்கது எதுவுமிராது என்பதே அவர்கள் கூறிய காரணமாம். இத்தகைய பதிலை நம் எழுத்தாளர் சிலரும் கேட்டிருப்பர். ஹியூம் தாமே 5000 பிரதிகளை அச்சிடுவித்தார். அவை மளமளவென விற்றுத் தீர்ந்தன.

அதன்பின் அவர் செய்ததுதான் நெஞ்சை உறுத்துகின்றது. பதிப்புரிமையை வெறும் 50 பவுணுக்கு விற்றுவிட்டார். 1887இல் இலண்டனில் வெளியான அந்நூல் இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. அவ்விலாபம் வாங்கியவர்களைச் சேர்ந்தது. அதே ஆண்டு வெளிவந்த தம் முதல் ஷேர்லொக் ஹோம்ஸ் கதையைக் கொனன் டொயில் 25 பவுணுக்கே கொடுத்திருந்தார் என்பதையும் நினைவிற் கொள்ளல் தகும். ஆயினும் ஹோம்ஸ் என்னும் பாத்திரம் அவர் கையிலேயே இருந்தது. ஹியூமிடம் நாடக உரிமை மட்டுமே மிஞ்சியது.

1888இல் ஹியூம் இங்கிலாந்து சென்றார். அவ்வாண்டே அந்நாவல் நாடகமாகி இலண்டனில் மேடையேறியது. ஆதர் லோ என்பவருடன் சேர்ந்து அதனை நாடகமாக்கியவரும் அவரே. மேடைக்கு வழிதேடி எழுதிய கதையன்றோ அது!

அதன்பின் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். ஒன்றேனும் முதல் நாவலை எட்டவில்லை. எசெக்ஸ் மாவட்டத்துத் தண்டஸ்லி என்னும் ஊரில் 1932இல் காலமானார். அவருடைய பிற்கால நூல்கள் பலவற்றின் முகப்பில், ஆசிரியர் பெயருக்குக் கீழே, தாம் விற்றுவிட்ட அந்தக் குதிரைவண்டி நாவலின் பெயரே பொறிக்கப்பட்டிருந்தது.