நட்சத்திர மீனுக்குள் ஒரு ரோஜா முள்

கால்ல முள்ளு குத்தி, எடுக்காம விட்டிருக்கீங்களா? ரெண்டு நாள்ல அந்த இடம் வீங்கிச் சீழ் கட்டும். அந்தச் சீழில் பெரும்பங்கு, செத்துப்போன வெள்ளை அணுக்கள். அவை அங்கே என்ன வேலை பார்த்தன என்று கண்டு சொன்னவர் இலியா மெச்னிகோவ்.

1845-ல் கார்கிவ் பக்கத்தில் பிறந்தவர். படித்தது விலங்கியல், டாக்டர் கிடையாது. முதல் மனைவியைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். அதனால் நோய் என்பது அவருக்கு வெறும் சிலபஸ் சமாச்சாரம் இல்லைங்க.

1882-ல் ஒடெசா பல்கலைக்கழக வேலையை உதறிவிட்டு, சிசிலித் தீவின் மெசினாவுக்குப் போனார். ஒருநாள் வீட்டில் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட, இவர் மட்டும் மைக்ராஸ்கோப்போடு உட்கார்ந்திருந்தார். நட்சத்திர மீனின் லார்வா கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே செல்கள் நகர்வது அப்படியே தெரியும். திடீரென்று ஒரு யோசனை: வெளியிலிருந்து ஏதாவது உள்ளே நுழைந்தால் இந்தச் செல்கள் எதிர்த்து வருமா? தோட்டத்தில் ரோஜா முள் பறித்து வந்து லார்வாவுக்குள் செருகினார். அன்று ராத்திரி தூக்கமே இல்லை. விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்துக் கிடந்தன!

இதில் என்ன பெரிய விஷயம்னு கேட்பீங்க. வெள்ளை அணுவுக்குள் கிருமி இருப்பதை டாக்டர்கள் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். ஆனால் அந்த அணுதான் கிருமியை உடம்பெங்கும் சுமந்து பரப்புகிறது என்று பலர் நம்பினார்கள். போலீஸைத் திருடனின் கூட்டாளி என்று நினைத்த கதை. இவர் அதைத் தலைகீழாகத் திருப்பினார்: அது சுமக்கவில்லை, விழுங்குகிறது. அடுத்து, நீர்த்தெள்ளுப்பூச்சியைத் தாக்கும் ஒரு பூஞ்சையை எடுத்துக்கொண்டார். செல்கள் பூஞ்சை வித்துகளை விழுங்கி முடித்தால் பூச்சி பிழைத்தது. வித்துகள் முந்திக்கொண்டால் செத்தது.

ஜெர்மன் விஞ்ஞானிகள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. காப்பாற்றுவது செல் அல்ல, ரத்தத் திரவத்தில் கரைந்திருக்கும் பொருள்தான் என்றார்கள். 1888-ல் பாரிஸில் பாஸ்டர் இடம் கொடுக்க, அங்கிருந்தபடியே இவர் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார். கடைசியில் 1908 நோபல் பரிசு இவருக்கும், எதிரணியின் பால் எர்லிக்குக்கும் சேர்த்தே கிடைத்தது. ரெண்டு பேர் சொன்னதும் சரிதான்: ஆன்டிபாடி கிருமியில் ஒட்டி அடையாளம் வைக்கும், விழுங்கும் செல் அதைப் பிடித்துக்கொள்ளும்.

வயசான காலத்தில் தயிர்க் கிருமிகள் ஆயுளைக் கூட்டும் என்று நம்பி, புளித்த பாலாகக் குடித்துத் தள்ளினார். 1916-ல், 71 வயதில் பாரிஸில் இறந்தார். அஸ்தி பாஸ்டர் நிறுவன நூலகத்தில், புத்தகங்களுக்கு நடுவே இருக்கிறது.